சாக்குக்குள் இருந்தது செடிதான்

பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். ஆய்வு செய்தது பெரணிகளைப் பற்றி. பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது. இலையின் அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும் தூளில்தான் அதன் வம்சம் ஓடுகிறது. பூ இல்லாததால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்வது தொல்லைபிடித்த வேலை. இலையின் நரம்பு, தண்டின் செதில், புள்ளிகள் அமைந்திருக்கும் வரிசை என்று லென்ஸ் வைத்துத் தேட வேண்டும். இதற்குப் பட்டம் வாங்கி நாளாகிவிட்டது. அதன் பிறகு வெளியாள் ஒருவர் பெரணி பற்றி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, குளியலறை ஜன்னலில் வைத்தால் வளருமா என்பது. வளரும் என்று சொன்னேன். அவருடைய ஜன்னலில் வளரவில்லை.

எங்கள் வீடு கொல்லங்கோட்டுப் பக்கம். கோடை விடுமுறையில் ஒரு மதியம், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கோவிந்தாபுரம் போகும் வழியில் இருக்கும் வனத்துறை அலுவலகத்திலிருந்து ஃபாரஸ்டர் பேசினார். மலையாளி. தமிழ் ஆட்களிடம் பேசிப் பேசி அவருடைய மலையாளத்தில் பாதி தமிழாகிவிட்டிருந்தது.

"டீச்சரே, ஒரு சாதனம் கிட்டியிருக்கு. மிருகமா செடியான்னு ஒரு சம்சயம்."

"படம் அனுப்புங்க சார்."

படம் வந்தது. செய்தித்தாளின் மேல் பழுப்பு நிறத்தில், அடர்ந்த ரோமத்தோடு, விரற்கடைப் பருமனில் வளைந்தும் நெளிந்தும் சில துண்டுகள். வெட்டிய ஆட்டுக்கால்களை யாரோ வெயிலில் காயப்போட்டதுபோல இருந்தது. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரிந்துவிட்டது என்று போனில் சொல்லவில்லை. படத்தை வைத்து இனம் சொல்லக் கூடாது என்று மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்கிறவள் நான். லென்சையும் சவரக் கத்தி பிளேடையும் பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். யாரோ ஒருவருக்குப் பெரணி பற்றி அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தது. சந்தோஷமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அலுவலக வராந்தாவில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. அதன் கழுத்தைப் பிடித்தபடி ஒரு அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயது, நன்றாகத் தேய்த்துக் கட்டிய சேலை, கழுத்தில் ஜெபமாலை. ஃபாரஸ்டர் எழுந்து வந்து விஷயத்தைச் சொன்னார். பொள்ளாச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் சாராயம் தேடி ஏறிய கலால் துறை ஆட்கள் சாக்கைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே வரிசையாக ரோமக் கால்கள். எந்த மிருகம் என்று தெரியாததால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"இவங்களைப் போகச் சொல்லியாச்சு. சாக்கு மட்டும் இங்க இருக்கட்டும்னு சொன்னேன். போக மாட்டேங்கறாங்க."

"சாக்கு எங்க போகுதோ அங்கதான் நானும் போவேன், சார்" என்றார் அந்த அம்மா. கோபமாக இல்லை, தகவலாகச் சொன்னார்.

அவர் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டிலிருந்து வந்திருந்தார். ஏலத்தோட்டத்தில் வேலை. முந்தின நாளே கிளம்பி, கம்பத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். மகளை இந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். கட்டிக்கொடுத்தார் என்பது அவர் சொன்ன வார்த்தை. கொஞ்ச நேரம் பேசிய பிறகு, அவர்களே பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டார்கள் என்று தெரிந்தது.

"சம்மந்தியம்மாவுக்கு முட்டுவலி, டீச்சர். கல்யாணம் ஆனதுல இருந்து அவுக எங்கூட ஒரு வார்த்த பேசல. நாங்க வேதக்காரவுக, அவுக வேற. அது அப்படித்தான் கெடந்துச்சு. இப்ப மகன்கிட்ட சொல்லி விட்டுருக்காக, ஒங்க மாமியா ஊருல ஆட்டுக்கால் கெழங்கு கெடைக்குமாமே, கொண்டாரச் சொல்லுன்னு. மொத மொத ஒண்ணு கேட்டுருக்காக. அத விட்டுட்டு வெறுங்கையோட போய் வாசல்ல நிக்கச் சொல்லுதாரு இவரு."

ஃபாரஸ்டர் சுவரைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். தனக்கு வந்த சந்தேகத்தைத் தானே தீர்த்துக்கொள்ளாமல் விசாரிக்கிற ஆள். அப்படிப்பட்ட ஆட்களால் கொஞ்சம் தாமதம் ஆகும்.

நான் ஒரு துண்டை எடுத்து பிளேடால் குறுக்கே நறுக்கினேன். பச்சை கலந்த வெள்ளைச் சதை, அதில் வட்டமாகப் பொட்டுப் பொட்டாகக் குழாய்கள்.

"எலும்பு இல்லை சார். ரத்தம் இல்லை. செடிதான்."

"அது சரி" என்று எழுதிக்கொண்டார். "என்ன செடி?"

"முடவாட்டுக்கால்னு சொல்லுவாங்க. சூப்பு வைப்பாங்க. மூட்டுவலிக்கு நல்லதுன்னு ஒரு நம்பிக்கை. ஒரு பெரணியோட தண்டு இது. கிழங்குன்னு சொல்றது பேச்சுக்குத்தான்."

பெரணி என்றதும் அவர் நிமிர்ந்தார். போனில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். தென்னைபோல உயர்ந்து நிற்கும் மரப்பெரணி. காட்டில் அதை வெட்டக்கூடாது. அண்மையில்தான் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்திருந்தார்.

"இதோட துண்டா இருக்கலாமே?"

நியாயமான கேள்வி. எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மரப்பெரணியின் தண்டு நிமிர்ந்து நிற்கும், இலை உதிர்ந்த இடமெல்லாம் பெரிய தழும்பு இருக்கும். இது மரத்தையோ பாறையையோ பற்றிப் படர்ந்து போகிற தண்டு, அடியில் வேர் பிய்த்த தடம் இருக்கிறது. வடகிழக்கில் இன்னொரு பெரணி உண்டு, தண்டு முழுக்கப் பொன்னிற ரோமம், மருந்துக்கென்று கடத்துகிறார்கள். அதில் இருப்பது ரோமம். இதில் இருப்பது ரோமமே அல்ல, செதில். சொல்லி முடித்து லென்சை அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார். பழுப்பாக, ஊசியாக முடிகிற, ஓரத்தில் பல் வைத்த செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பார்க்கப் பார்க்க அலுக்காது.

"ரோமம் அல்லா" என்றார் மெதுவாக. பிறகு லென்சை அந்த அம்மாவிடம் நீட்டினார். அவரும் பார்த்தார்.

"ஆமா" என்றார், மரியாதைக்காக.

"அப்ப இனம் எழுதித் தாங்க டீச்சரே. நான் விட்டுடறேன்."

அங்கேதான் சிக்கல். எனக்குப் பேரினம் தெரியும், அதில் சந்தேகமில்லை. நம் பக்கத்தில் அதில் எது வளருகிறது என்பதும் தெரியும். ஆனால் தண்டை மட்டும் பார்த்து இன்ன இனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. இந்தப் பேரினத்தில் இனத்தைப் பிரிப்பது இலையின் அடியில் உள்ள வித்துப்புள்ளிகள். ஒன்றில் அவை இரண்டு வரிசையாகப் போகும், ஒன்றில் கண்டபடி சிதறிக் கிடக்கும். இலை இல்லாமல் நான் எழுதினால் அது யூகம். இதை விளக்கினேன். இருவரும் என்னை ஒரே மாதிரிப் பார்த்தார்கள்.

"இலை இருக்குதுங்களாம்மா?"

"எலய வச்சு என்ன செய்ய? மேல எல்லாத்தையும் அரிஞ்சு போட்டுட்டுத்தான் கட்டுனேன். ஏலக்காட்டுல நெழல் மரத்துக் கொப்ப வெட்டுதாக. வெட்டுன கொப்புல இருந்துதான் இதப் பிச்சேன். வெயிலுக்கு எலயெல்லாம் காஞ்சு உதுந்து குச்சிதான நின்னுச்சு."

அதுவும் சரியாகத்தான் இருந்தது. கோடையில் இந்தப் பெரணி பச்சை இலைகளை உதிர்த்துவிடும். ஆனால் இதற்கு இன்னொரு வகை இலையும் உண்டு. தண்டை ஒட்டிக் கிண்ணம்போல நிற்கும் குட்டையான இலை, பிறந்த கொஞ்ச நாளிலேயே காய்ந்து பழுப்பாகி, அப்படியே வருடக்கணக்கில் நிற்கும். மேலிருந்து விழுகிற சருகு குப்பையெல்லாம் அதில் தேங்கி மக்கும். செடி அதைத் தின்று வாழும். தானே உதிர்த்த இலையும் அதில்தான் விழும். ஆக, அந்தக் கிண்ணத்துக் குப்பை கொஞ்சம் சாக்கில் வந்திருந்தால் போதும்.

"சாக்கைக் கொட்டிப் பாக்கலாங்களா சார்?"

செய்தித்தாள்களை விரித்துச் சாக்கைக் கொட்டினோம். மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். கிழங்குகளை ஒரு பக்கம் ஒதுக்கி, அடியில் தங்கிய சருகைக் கிளற ஆரம்பித்தேன். பலா இலைத் துண்டு, பாசி, செத்த வண்டு, கிண்ண இலையின் ஓரம் ஒன்று. நல்ல அறிகுறி. அப்போது ஃபாரஸ்டர் குவியலிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். வாழைச்சருகில் சுற்றி நாரால் கட்டியிருந்தது. பிரித்தார். கரிய, வாட்டிய வாசனையோடு, வளைந்த ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தார். அதன் முனையில் குளம்பு இருந்தது.

ஃபாரஸ்டர் அதை என் பக்கம் நீட்டினார்.

"இதும் பெரணியா டீச்சரே?"

"இல்லீங்க சார்."

அந்த அம்மா நாரை வாங்கிச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "ரெண்டு சோடிதான் சார். செடிக்கு வலி கேக்கலன்னா ஆட்டுக்காவது கேக்கும்னு போட்டு விட்டேன். அண்ணன் பேத்திக்கு சர்ச்சுல புதுநன்மை குடுத்தாக. அதுக்கு அடிச்ச கெடா."

ஃபாரஸ்டர் குளம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இடுக்கி மாவட்டத்திலிருந்து வருகிற ஆட்டுக்காலைப் பார்த்து ஒரு வனத்துறை அதிகாரி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். "இது வீட்டாடா, வரையாடா?"

அந்த அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். வரையாடு இடுக்கி மலையுச்சிப் பாறைகளில் திரிவது. அதைத் தொட்டால் ஜாமீன் கிடைப்பதே கஷ்டம்.

"எனக்கு ஆடு தெரியாதுங்க சார்" என்றேன். அன்று காலைவரை என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மாலைக்குள் என் எல்லை எங்கே முடிகிறது என்பது அரசு அலுவலகத்திலேயே பதிவாகிவிட்டது.

கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தார்கள். பக்கத்துத் தோப்பில் மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவர், முடித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்தார். அதுவரை நான் சருகைக் கிளறினேன். அந்த அம்மா தன் தண்ணீர் பாட்டிலிலிருந்து எனக்கும் ஃபாரஸ்டருக்கும் ஊற்றிக் கொடுத்தார். ஏலக்காய் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். ஃபாரஸ்டர் அதைக் குடித்தார், நன்றி சொன்னார், ஆட்டுக்காலை மேசைமேல் வைத்துக் காவல் இருந்தார்.

மருத்துவர் வந்து ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார்.

"நல்லா வாட்டியிருக்கு."

"எந்த ஆடு டாக்டரே?"

"குளம்பைப் பாருங்க. நீண்டு முன்னால வளைஞ்சிருக்கு. பாறையில ஏறுற ஆடுன்னா தேஞ்சு போயிருக்கும். இது ஜீவிதத்துல ஒரு கல்லு ஏறியிருக்காது. கட்டிப்போட்டுத் தீனி போட்டு வளர்த்த வெள்ளாடு."

"பலாத்தழையும் கஞ்சித்தண்ணியும் குடுத்து வளத்தது" என்றார் அந்த அம்மா. அவர் குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. ஆட்டைப் பற்றி அப்படிச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய வேலை கால்மணியில் முடிந்தது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. பிறகு மறுபடி குனிந்தேன். கிண்ண இலைக்குள் அழுந்திக் கிடந்த சருகைப் பிரித்தபோது அது கிடைத்தது. பச்சை இலையாக இருந்து உதிர்ந்த ஒரு மடல், கட்டைவிரல் நீளத்துக்கு. நொறுங்கிவிடும்போல இருந்தது. அந்த ஏலக்காய்த் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு நனைத்து, திருப்பி, லென்சை வைத்தேன். கிளை நரம்புகளுக்கு இடையில், இரண்டு வரிசையாக, ஒழுங்காக, வித்துப்புள்ளிகள். எனக்கு மூச்சே சீராயிற்று.

"டிரைனேரியா குவெர்சிஃபோலியா" என்றேன். "எழுதிக்குங்க சார். மரப்பெரணி இல்லை. ஊர் மரத்துலயும் கோயில் மதில்லயும்கூட வளர்றது."

"குவெர்சிஃபோலியான்னா?"

"ஓக் மரத்து இலை மாதிரி இலை உள்ளது."

"ஓக் மரம் எப்படி இருக்கும்?"

"நான் பாத்ததில்லீங்க சார்."

அவர் எழுதினார். அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் இந்தப் பேரினத்தை அண்மையில் சிலர் வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள், சிலர் அதை ஏற்கவில்லை. அதைச் சொல்லாமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அக்ளேமார்ஃபா என்று இன்னொரு பெயரும் இருக்கிறது என்றேன். அதற்கு முன்னால் மூன்றாவதாக ஒன்று இருந்ததையும் சொன்னேன்.

ஃபாரஸ்டர் பேனாவை நிறுத்தினார். இத்தனை பெயர் வைத்துக்கொண்டு திரிகிறவர்களைப் பற்றி அவருடைய அனுபவம் வேறு மாதிரி.

"அப்ப 'என்கிற' போடட்டா?"

யோசித்தேன். தவறு என்று சொல்ல முடியவில்லை. "போடுங்க சார்."

டிரைனேரியா என்கிற அக்ளேமார்ஃபா என்கிற பாலிபோடியம், வகையறா செடி, ஒரு சாக்கு. வீட்டு ஆட்டுக்கால், ஒரு பொட்டலம். அந்த அம்மா கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டார். ஃபாரஸ்டரே சாக்கைக் கட்டிக் கொடுத்தார். ஒரு துண்டை என் கல்லூரி மாதிரித் தொகுப்புக்குக் கேட்டேன். அந்த அம்மா நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் தோப்புக்குப் போகிற பஸ் போய்விட்டிருந்தது. நானே காரில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் சாக்கின் கழுத்தைப் பிடித்தபடியே வந்தார். ஒருமுறை மட்டும், "அவுக வீட்டுல நான் உள்ள போலாமா, டீச்சர், வெளியவே குடுத்துட்டு வந்துரவா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன்.

வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து, பிறகு பின்னால் திரும்பிப் பார்த்து, நடையை மெதுவாக்கிக்கொண்டாள். மாமியார் ஒரு காலைச் சற்று இழுத்தபடி வந்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"வாங்க. நீங்க யாருங்க?"

நான் இன்னார், இந்தப் பக்கத்து ஆள்தான் என்று சொன்னேன். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். வரையாட்டை விட்டுவிட்டேன். அவர் சாக்கைப் பார்த்தார்.

"இத்தனையுமாங்க?" என்று என்னிடமே கேட்டார். "ஒரு புடி கேட்டேன்."

"ஒரு புடியத் தூக்கிட்டு அம்புட்டுத் தூரம் வர்றதுக்கு ஒரு சாக்காவே கொண்டாந்துரலாம்னு" என்றார் அந்த அம்மா, அவரும் என்னைப் பார்த்து.

"உள்ள வரச் சொல்லுங்க" என்றார் மாமியார், என்னிடம்.

உள்ளே போனோம். மகளும் அம்மாவும் பின்கட்டில் உட்கார்ந்து கிழங்கின் செதிலைச் சுரண்டத் தொடங்கினார்கள். கை கழுவ நான் சமையலறைக்குள் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முறம் மூடி வைக்கப்பட்டிருந்தது. மூடியின் ஓரமாக ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. பழுப்புச் செதில், படர்ந்த தண்டு, அடியில் வேர் பிய்த்த தடம். முறம் நிறைய இருந்தது. இதற்கு எனக்கு லென்ஸ் வேண்டியிருக்கவில்லை.

பின்னால் மாமியார் வந்து நின்றிருந்தார். மூடியைச் சரியாக இழுத்து மூடினார்.

"பொள்ளாச்சிச் சந்தையில வாங்குனதுங்க. வாரமானா வாங்கறதுதான்." முறத்தைச் சுவரோரம் தள்ளினார். "ஏதாச்சும் ஒண்ணு கேக்கோணுமில்லீங்க. சும்மா வாங்கன்னு எப்படிச் சொல்றது, இத்தன நாளுக்கு அப்பறம்."

"ஆமாங்க."

"அவங்ககிட்டச் சொல்லிப்போடாதீங்க."

"இலை பாக்காம நான் எதையும் இன்னதுன்னு சொல்றதில்லீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி என் கைக்கு ஊற்றினார்.

சூப்பு வைத்தார்கள். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு ஒரு சட்டியில் கிழங்கு, இன்னொரு சட்டியில் ஆட்டுக்கால். எனக்கு இரண்டிலும் ஒரு தம்ளர் வந்தது. கிழங்குச் சூப்பு ஆட்டுக்கால் சூப்பு மாதிரியே இருக்கும் என்று சொல்வார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் அப்படி இல்லை. மிளகு ஒன்றுதான்.

கிளம்பும்போது மாமியார் வாசல்வரை வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றார்.

"நெசமாலுமே கேக்குமுங்களா இது? படிச்சவங்க நீங்க சொல்லுங்க."

"நிச்சயமாச் சொல்றதுக்கு எனக்கு ஆதாரம் தெரியலீங்க. குடிச்சா கெடுதல் வந்ததா நான் கேள்விப்பட்டதில்லை."

"அது போதும்" என்றார். பிறகு, "என்னவோ பேரு சொன்னீங்களே அதுக்கு" என்று கேட்டார்.

முழுப் பெயரையும் சொன்னேன், ஒன்றை மட்டும். அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், வரவில்லை. வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க சம்மந்தி, உங்க ஊர்ல இதுக்கு என்னங்க பேரு?"

பின்கட்டில் மிச்சக் கிழங்கைச் சுரண்டுகிற சத்தம் நின்றது. மகள்தான் ஏதோ மெதுவாகச் சொன்னாள். பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது. "ஆட்டுக்கால் கெழங்குன்னுதான், சம்மந்தி."

"இங்கயும் அதேதானுங்க" என்றார் இவர், உள்ளே போய்க்கொண்டே.

நான் காரை எடுத்தேன்.